நெஞ்சுக்குழி அளவு

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் என் முழங்கால் கோபித்துக்கொள்ளும். அதனால் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உன் மனைவியும் மகளும் நன்றாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் உன்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "ம், இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் வெறும் "ம்" எழுதி அனுப்ப முடியாது அல்லவா? அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

வெயில் வந்துவிட்டது. சுடுகிற வெயில் இல்லை. காலையில் முதுகில் பட்டால் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று தோன்றுகிற வெயில். நேற்று கம்பளிகளைத் துவைத்து மாடிக் கொடியில் போட்டேன். உன் அத்தான் போன வருஷத்துக் கொசுவலைச் சட்டங்களைத் தேடி எடுத்தார். ஒன்றும் எந்த ஜன்னலுக்கும் பொருந்தவில்லை. பாவம் தச்சர், திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். கடைத்தெருவில் முலாம்பழம் வந்துவிட்டது. இதெல்லாம் வந்தால் எனக்கு ஒரே நினைப்புதான். உனக்கும் அதுதான், ஒப்புக்கொள்ள மாட்டாய்.

குளத்தை இறைத்துக் காயவிடுகிற அந்த நான்கு நாட்களைத்தான் சொல்கிறேன். ஊருக்கு அது பூட்டிக் கிடக்கிற நீச்சல் குளம், நமக்கு வீட்டு முற்றம். அப்பா பாசியைச் சுரண்டிக்கொண்டே போவார், நாம் இரண்டு பேரும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தேய்ப்பதுபோல நடிப்போம். ஆழமான பக்கத்தில் நின்று நீ கத்துவாய், உன் குரல் நாலு சுவரிலும் மோதி உன்னிடமே திரும்பும். அம்மா மதியச் சாப்பாட்டை வாளியில் வைத்து மேலிருந்து இறக்குவாள். "குழிக்குள்ள உக்காந்து சாப்பிடுற குடும்பம் இந்த ஊர்லயே நாம மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு அவளும் ஏணியில் இறங்கி வந்துவிடுவாள். அந்தச் சுவர் நிழலில் தரை எவ்வளவு சில்லென்று இருக்கும். பிறகு வால்வைத் திறந்தால் இரண்டு நாள் தண்ணீர் ஏறும். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று அதோடு கூடவே நாமும் நின்றுகொண்டிருப்போம். கேட்டைத் திறப்பதற்கு முன்னால் முதல் முழுக்கு நமக்கு. இரண்டே பேருக்காக அப்பா விசில் ஊதுவார்.

இப்போது செய்தி. பத்து வருஷமாகப் பாழாய்க் கிடந்த நம் குளத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். மே 25ஆம் தேதி திறக்கிறார்கள். பழைய பராமரிப்பாளர் என்று அப்பாவை அழைத்து நகராட்சியிலிருந்து ஆள் வந்தார். முன்வரிசையில் நாற்காலி போடுவார்களாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எம் பையன் வந்தா வரேன். இல்லன்னா எனக்கு அங்க என்ன வேலை" என்று சொல்லிவிட்டார்.

எண்பத்தொரு வயதில் அவர் கேட்கிற முதல் காரியம் இது. வா தம்பி.

உன் அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

"ம்."

கோபித்துக்கொள்ளாதே, எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல். மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகும் கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஏறினாய் என்றால், வலிக்கிறது என்று புலம்ப உனக்கு உரிமை இல்லை. அத்தான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாரா, அல்லது வழக்கம்போலக் கீழே நின்று யோசனை சொன்னாரா?

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. இருபத்திரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று, ஆறு லிஃப்ட். ஐந்து ஒழுங்காக ஓடுகின்றன. ஆறாவது மட்டும் ஒன்பதாம் மாடியில் தரைக்கு அரை அங்குலம் கீழேயே நிற்கிறது. அரை அங்குலம்தானே என்கிறார் கட்டிடக்காரர். அந்த அரை அங்குலத்தில்தான் ஒரு கிழவி தடுக்கி விழுவாள் என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. இதில் என்னைவிடப் பிடிவாதக்காரன் கம்பெனியிலேயே இல்லையாம். ஜூன் வரை யாருக்கும் லீவு கிடையாது என்று மேலாளர் அறிவிப்பே ஒட்டிவிட்டார். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

நீ எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். நீ விட்டுப்போன ஒன்று இருக்கிறது. நீலப் பெயின்ட் அடித்த அன்று நம் உள்ளங்கால் எல்லாம் நீலமாகிவிடும். அந்தக் காலோடு வீட்டுக்குள் ஓடி, அம்மா துடைத்து வைத்த தரையில் அடுப்படி வரை கால்தடம் வைத்துவிட்டேன். அம்மா துடைப்பத்தைத் தூக்கினாள். தடம் யாருடையது என்று அளந்து பார்க்கலாம் என்று சொல்லி நீ உன் காலை நீட்டினாய். அக்காவாக நீ செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. மற்றது நினைவுக்கு வந்தால் எழுதுகிறேன்.

டிசம்பரில் நாலு நாள் வருகிறேன். எப்போதும் போல.

உன் தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், லிஃப்ட் வரையில். லீவு இல்லை என்பதைப் படிக்க வாய் வரவில்லை. "லீவு கேட்டிருக்கானா?" என்றார். "கேட்டுட்டுதான் இருக்கான்பா" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். வந்ததும் பிடிக்கவில்லை என்று திரும்பக் கொடுத்தார். ஒரு மாதம் முன்னாலேயே ஒரு மனிதர் கிளம்பி உட்கார்ந்திருக்கிறார். இதை நான் தினமும் பார்க்க வேண்டும், நீ அங்கே அரை அங்குலத்தோடு சண்டை போடு.

எப்போதும் போல டிசம்பர். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனாய். அதற்கப்புறம் ஒரு கோடைக்கு வந்தாயா? குளிரில் வருவாய், நாலு நாள் இருப்பாய், அப்பா உட்காரும் அறையில் பேப்பர் படிப்பாய், போய்விடுவாய். நான் மக்கு இல்லை. நீ எந்த மாதத்திலிருந்து ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நம் வீட்டில் ஒருவராவது ஒரு தடவை இதை எழுத்தில் வைக்கட்டும். உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினாலு. குளம் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் கொடுக்கிற அக்காவின் மகள், ஐந்து வயதுப் பிள்ளை, மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து கயிற்றருகில் முழுகிப்போனாள். சின்னப் பிள்ளைகள் எதுவரைக்கும் போகலாம் என்று காட்டத்தான் அந்தக் கயிறு, பக்கச் சுவரில் வரிசையாக இருக்கிற வளையங்களில் ஒன்றில் கட்டுவது. அங்கேயே ஆழம். அப்பா சட்டையோடு குதித்துத் தூக்கினார். ஒரு வாரம் ஆஸ்பத்திரி. விசாரணையில் அப்பா, "கயித்தைத் தப்பான வளையத்துல நான்தான் கட்டினேன்" என்று சொன்னார். வேலை போயிற்று. பத்து நாளில் பம்பு ரூமுக்குப் பின்னால் இருந்த நம் இரண்டு அறையைக் காலி செய்தோம். அதற்கப்புறம் இருபது வருஷம் கிடங்குக் காவல். ஒரு வாளித் தண்ணீரில்கூட அப்பா கைவிட்டு அளைந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பிள்ளை இப்போது தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு குழந்தைகள். உனக்கு நான் போடுகிற கடிதத்துக்கு முத்திரை குத்துவதே அவள்தான். "தம்பி சௌக்கியமா?" என்று கேட்கிறாள். அவளே கடந்துவிட்டாள். நீ இன்னும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?

அப்பாவுக்காக வா. எனக்காகக் கேட்கவில்லை.

அக்கா


மே 1

அக்கா,

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. அத்தானுக்கும் வேண்டாம்.

லீவு கிடைக்கும். நான் கேட்கவே இல்லை.

நம் குளத்தில் தண்ணீர் மட்டம் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் கயிற்றுக்கு நிரந்தரமாக ஒரு வளையம் கிடையாது. நான்தான் அளவுகோல். கோடைத் தொடக்கத்தில் அப்பா என்னைத் தண்ணீரில் இறக்கி, நட நட என்பார். ஆறு வயதில் என் கழுத்துக்குத் தண்ணீர் வந்த இடம், எட்டு வயதில் தோள், பத்தில் நெஞ்சுக்குழி. அதுதான் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மோவாய்வரை என்று அவருக்கு ஒரு கணக்கு. அங்கே நில் என்பார், நிற்பேன். அந்த வளையத்தில் கயிறு. பள்ளிக்கூடத்தில் என்னைப்போல யாருக்கும் இப்படி ஓர் உத்தியோகம் கிடையாது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

நான் நிற்கும்போது குதிகாலைத் தூக்கிக்கொள்வேன். ஒவ்வொரு வருஷமும். அப்பா மேலே நின்று, "பயல் வளந்துட்டான்டி, பாரு" என்று அம்மாவிடம் சொல்வார். அதைக் கேட்பதற்காகத்தான். அவர் ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்கவில்லை. அந்த வருஷம் குளத்துத் தண்ணீரில் போடும் மருந்துத் தூள் வாங்க அவர் வெளியே போயிருந்தார், கயிறு கட்டுவதை உன்னிடம் விட்டிருந்தார். நீ கயிற்றோடு நின்றாய். நான் அன்றும் தூக்கினேன். அவர் திரும்பி வந்து, கயிறு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நன்றாகவே தூக்கினேன். நாலு விரல் இருக்கும். அந்த நாலு விரல்தான் அந்தப் பிள்ளைக்கு மூக்கு.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அப்போது அப்பா திரும்பிக் கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. நீ கவனித்திருக்கிறாயா? நான் கவனித்திருக்கிறேன், ஏழு வருஷம், தினமும். அதனால்தான் போனேன். என் பொய்க்காக ஒரு மனிதர் வேலையை இழந்து, வாய் திறக்காமல், அதே அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் மகள் பள்ளியில் நீச்சல் வகுப்பு வந்தபோது அவளுக்குக் காதில் வலி என்று பொய்க் கடிதம் கொடுத்தேன். அவளுக்குப் பதிமூன்று வயதாகிறது, நீந்தத் தெரியாது. குளத்துக்காரர் பேத்தி.

அந்தக் கரையில் அப்பாவின் பக்கத்தில் எப்படி நிற்பேன், சொல்.

தம்பி


மே 9

என் கண்ணே,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. சோற்றுப் பானையைத் தீயவிட்டேன். உன் அத்தான் என்ன ஆயிற்று என்று கேட்டார், சொல்லவில்லை.

நான் பார்த்தேன் தம்பி. நீ குதிகாலைத் தூக்கியதை நான் பார்த்தேன்.

முதல் நாள் தண்ணீர், அடியில் ஊசி விழுந்தாலும் தெரியும். உன் கால்விரல்கள் வெளுத்து, தரையைக் கவ்விக்கொண்டு நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒழுங்கா நில்லுடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேட்டுக்கு வெளியே என் வகுப்புப் பெண்கள் வந்துவிட்டார்கள். குளத்தைத் திறக்கப்போகிறவள் நான் என்று அவர்களிடம் ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். சரி, ஒரு வளையத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று அங்கேயே கட்டிவிட்டு ஓடினேன். நீ பத்து வயதுப் பிள்ளை. நான் பார்த்துக்கொண்டே கட்டினேன்.

அந்தப் பிள்ளை முழுகிய அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். என் வாயால் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் தலையில் கை வைத்து, "இது உங்க ரெண்டு பேர் தலையிலயும் ஏறக்கூடாது. நான் பாத்துக்கறேன். தம்பிகிட்ட மட்டும் மூச்சு விடாத. அவனுக்கு எதுவும் தெரியாது, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். உன் குதிகாலால்தான் கயிறு தள்ளிப்போயிற்று என்று உனக்குத் தெரியாது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். உன் முகத்தைப் பார்த்தால் தன் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் அவர் பார்க்காமலிருந்தார். என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவளாகிவிடுவேன். நிறுத்தப்போவதில்லை. நீ பதினேழு வயதில் பெட்டியைக் கட்டினபோது, ஏன் போகிறாய் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கோடைக்கு வராமலிருக்க ஆரம்பித்தபோது சந்தேகம் பாதி போய் நிச்சயம் ஆயிற்று. அப்போது உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், நீ தூக்கினாய் என்பதோடு நான் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா சொல்லாதே என்றார் என்பது எனக்கு வசதியாகிவிட்டது. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

என்னைத் திட்டி எழுது. ஆனால் வா.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

பதினாலு வயதுப் பெண் கட்டிய கயிற்றுக்காக எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அவளும் சின்னப் பெண்தான். முப்பது வயது அக்கா, நாற்பது வயது அக்கா, போன டிசம்பரில் ரயிலடிக்கு வந்து ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுவிட்ட அக்கா, அவர்கள்மேல்தான்.

ஒரே வீட்டில் நீயும் அப்பாவும் தெரிந்தவர்களாக இருந்தீர்கள். அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பீர்கள். நான் மட்டும் தனியாக இருந்தேன். எனக்கு ஒரு வரி போதும் அக்கா, "நானும் பார்த்தேன்" என்று. அதை எழுத உனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. அதுவும் நான் முதலில் எழுதிய பிறகு.

25ஆம் தேதிக்கு நான் வரவில்லை. லீவு இல்லை என்று சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடு. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

தம்பி


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். அப்பா சொல்லி நான் எழுதுவது, அதனால் மன்னிக்க வேண்டும்.

25ஆம் தேதி காலை அவர் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, காலணியைக்கூட மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாளாக நான் தவித்ததை என்னவென்று சொல்வது. பக்கத்தில் உட்கார்ந்து, நீ எழுதியதையும் நான் எழுதியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வண்டியோடு வந்த நகராட்சி ஆளை, "நான் வரலை, உடம்பு முடியலை" என்று அனுப்பிவிட்டார். பிறகு பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் குதிகாலைத் தூக்குறது எனக்குத் தெரியாதா? ஆறு வயசுலேருந்து தூக்குவான். நான் வளந்துட்டான்னு சொன்னா அவன் மூஞ்சியைப் பாக்கணுமே. அதைப் பாக்கறதுக்காகவே சொல்லுவேன். அவன் அந்தப் பக்கம் ஓடினதும் கயித்தை அவுத்து ஒரு வளையம் இந்தப் பக்கம் கட்டிடுவேன். வருஷா வருஷம் அப்படித்தான். அன்னைக்கு மருந்து வாங்க அவசரமாப் போனேன். தம்பியை நிக்க வச்சு நெஞ்சுக்குழிக்குக் கட்டுன்னு உன்கிட்ட சொன்னேன். ஒரு வளையம் கழிச்சுக்கன்னு சொல்ல மறந்துட்டேன். விசாரணையில நான் யாரையும் காப்பாத்த வேஷம் போடலை. உண்மையைத்தான் சொன்னேன். உன்கிட்டக்கூட சொல்ல வெக்கமா இருந்துச்சு. பிள்ளை சந்தோஷத்துக்காக ஒரு பொய்யை வளத்துட்டு, அதைச் சொல்லாம விட்டவன் நான். அவனைப் பாக்காம இருந்ததும் அதுக்குத்தான்."

நான் என்ன சொல்வது தம்பி. உன்னைவிட நான் தெரிந்தவள் என்று நினைத்திருந்தேன். எனக்கும் பாதிதான் தெரிந்திருக்கிறது. அப்பாவைக் கோபிக்கவும் முடியவில்லை, கோபிக்காமலிருக்கவும் முடியவில்லை. அந்த வீட்டில் அம்மா ஒருத்திதான் எதையும் மறைக்கவில்லை. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நீ எழுதினாய் அல்லவா, சேர்ந்து அழுதிருப்பீர்கள் என்று. அழவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

இனி எழுதமாட்டேன்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

அக்கா எழுதியதைப் படித்தேன். லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து படித்தேன், கீழே இருந்து ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தெரிந்துகொண்டேதான் "வளந்துட்டான்" என்று சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்த ஆறு வயதுப் பையன்மேல் உங்களுக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பையனை நான் இத்தனை நாளும் பொய்யன் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

19ஆம் தேதி வருகிறேன். பத்து நாள் இருப்பேன். உங்கள் பேத்தியும் வருகிறாள். ரயிலடிக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறேன், வீட்டில் தங்கவில்லை. தினமும் காலையில் வந்து உங்களைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்கா, இந்தச் சின்ன எழுத்தை அப்பாவால் படிக்க முடியாது, நீதான் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்தப் பத்தியில் வாயை மூடிக்கொள். உன் வீட்டில் வந்து சாப்பிட எனக்கு இப்போது முடியாது. முடியும் நாள் வரும் என்றுதான் நினைக்கிறேன், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. நான் வரும் நேரத்தில் நீ கடைக்கோ கோவிலுக்கோ போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஏன் நிறுத்தினாய் என்று அப்பா கேட்டால், உன் முழங்காலை விசாரித்திருக்கிறேன் என்று சொல். விசாரிக்கத்தான் செய்கிறேன்.

அப்பா, மீதியை நேரில் பேசலாம்.

உங்கள் மகன்